நாலு சக்கர பைக்கும் ஓர் ஊக்கும்

ஏடிவி என்று அதற்குப் பெயராம். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாலு சக்கர பைக் என்பார்கள். நாலு தடித்த டயர், பைக்கில் இருப்பதைப் போல ஒரு ஹேண்டில்பார், நடுவில் காலை அகட்டி உட்கார ஒரு சீட். செங்கம் ரோட்டில் வீடு எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் நாட்டுக்கே திரும்பிப் போனபோது அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுச் சொந்தக்காரர் அதன்மேல் கோழிக்கூட்டை வைத்திருந்தார். நானும் என் சிநேகிதனும் போய்க் கேட்டபோது, இடம் காலியானால் போதும் என்று கேட்டைத் திறந்துவிட்டார். அப்போதே அது கிழ வண்டிதான்.

நான் டவுனில் லேத் பட்டறை வைத்திருந்தவன். அவன் மினி பஸ் ஓட்டியவன். இரும்பு என் பொறுப்பு, எஞ்சின் அவன் பொறுப்பு என்று பேசிக்கொள்ளாமலே பிரித்துக்கொண்டோம். சின்ன டிரெய்லர் ஒன்றை வெல்டிங் செய்து பின்னால் மாட்டினேன். அதில் ஒரு தண்ணீர் டிரம். அடி அண்ணாமலையில் அவன் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஒரு கல் பாதை போகிறது. அதன் ஓரமாக நாங்கள் மரக்கன்று நட்டிருந்தோம். அந்தப் பாதையில் டிராக்டர் நுழையாது. தை முடிந்து வெயில் ஏறியதும் இந்த வண்டியில்தான் கன்றுகளுக்குத் தண்ணீர் போகும். எங்களை யாரும் செய்யச் சொல்லவில்லை. புண்ணியம் செய்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "வீட்ல உக்காந்து திட்டு வாங்கறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்பான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், கோடை முடிகிற நேரத்தில் அவன் இறந்துபோனான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டு வந்தவனுக்கு, உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

புருஷன் செத்தால் எங்கள் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருப்பார்கள். அவன் வீட்டைப் போன்ற இந்து வீடுகளில் பதினாறாம் நாள் காரியம், ஒரு வருடம் பண்டிகை கிடையாது என்று முறை இருக்கிறது. சிநேகிதன் செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த மதத்திலும் சொல்லி வைக்கவில்லை. இவனைக் கொஞ்ச நாள் தனியே விடுங்கள், இவனும் ஒரு ஆளை இழந்தவன் என்று யாரும் என்னைக் காட்டவில்லை. அவனை எரித்த மறுநாள் காலை நான் பையை எடுத்துக்கொண்டு கறி வாங்கப் போனேன். எலும்பு ஜாஸ்தியாகப் போட்டுவிட்டான் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான், நேற்று இந்நேரம் அவன் மேல் கட்டை அடுக்கினார்களே என்று நினைப்பு வந்தது.

என் வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை. மனைவி இருக்கிறாள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். டிவி எந்நேரமும் ஓடும். எல்லாரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்குத்தான் பேச ஆள் இல்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் மனைவி வருத்தப்படுவாள் என்று சொல்லாமல் இருந்தேன்.

அதனால் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஆனால் புருஷன் இல்லாத வீட்டுக்கு ஒரு பாய் சும்மா போய் வந்துகொண்டிருந்தால் தெரு சும்மா இருக்காது. வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பின்பக்கத் தட்டியைத் திறந்துகொண்டு நேரே ஷெட்டுக்குள் போவேன். டயரில் காற்றைப் பார்ப்பேன், செயினுக்கு எண்ணெய் விடுவேன், சும்மா உட்கார்ந்திருப்பேன். அவன் மனைவியை நான் முப்பது வருடமாகத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். தங்கச்சி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து ஷெட் வாசல் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போவாள். இரண்டு வார்த்தை பேசுவோம். அது போதுமாக இருந்தது.

அவளுடைய அண்ணனுக்கு அந்த ஷெட் கண்ணை உறுத்தியது. பிரித்துப் போட்டுவிட்டு அங்கே இரண்டு ரூம் கட்டினால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. தங்கச்சிதான் பிடி கொடுக்கவில்லை. "வண்டி ஓடற வரைக்கும் ஷெட்டு இருக்கட்டும்ணா" என்று சொல்லிவிட்டாள். ஆக, வண்டி ஓடினால் ஷெட் உண்டு. ஷெட் இருந்தால்தான் நான் அங்கே போக முடியும்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. அவர்கள் வீட்டில் துக்கம், பண்டிகை இல்லை. ஆனால் அன்று காலை நான் போனபோது தங்கச்சி ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துக்கொண்டு ஷெட்டில் நின்றிருந்தாள். அவள் அண்ணன் தட்டியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார். "துக்க வீட்ல பூஜை எதுக்கு? அதுவும் உன் கையால! பாக்கறவன் சிரிப்பான்." அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "தீட்டு வீட்டுக்குத்தான். வண்டிக்கு ஏதுண்ணா தீட்டு? அவரு ஒரு வருஷம் கூட விட்டதில்ல" என்றாள்.

ஹெட்லைட்டில், ஹேண்டில்பாரில், டிரம்மில், பெட்ரோல் டேங்க் மூடியின் நட்டநடுவில் என்று அவன் வைக்கிற இடத்திலெல்லாம் பொட்டு வைத்தாள். சந்தனத்தைக் கெட்டியாக அரைத்திருந்தாள். கற்பூரம் காட்டி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதற்காகக் காத்திருந்தேன்.

அவன் அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஓர் ஊக்கு தொங்கும். காலில் குத்தின முள்ளை எடுக்க வைத்திருப்பான். பூஜை எல்லாம் முடிந்த பிறகு அந்த ஊக்கைக் கழற்றி, டேங்க் மூடியில் வைத்த பொட்டின் நடுவில் மெதுவாகக் குத்துவான். பிறகு குனிந்து, வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோய், ஏதோ முணுமுணுத்து ஊதுவான். வருடா வருடம் பார்த்திருக்கிறேன். எங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம், ஹஜ்ரத் ஓதி ஊதுவார். இவர்களிலும் அப்படி ஒன்று இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். என்ன, ஏது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் தொழும்போது அவனும் என்னைக் கேட்டதில்லை. சாயங்கால அசர் தொழுகை நேரம் வந்தால் ஷெட்டில் ஒரு மூலையைப் பெருக்கி வைத்துவிட்டு வெளியே போய் பீடி குடிப்பான். எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

தங்கச்சி ஊக்கை எடுக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்று விட்டுப்போச்சும்மா என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர்கள் சாமி, அவர்கள் முறை. பெண்கள் செய்யக்கூடாததாகவும் இருக்கலாம். நான் யார் சொல்வதற்கு? அண்ணன்காரர் வேறு முறைத்துக்கொண்டு நிற்கிறார். முழுங்கிவிட்டேன்.

பிறகு மழை. கன்றுகளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. வண்டி ஷெட்டில் நின்றது. தை முடிந்ததும் வெளியே எடுத்தேன். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். நன்றாகத்தான் கிளம்பியது. டிரம்மை நிரப்பிக்கொண்டு கல் பாதையில் ஏறினேன். பாதி தூரம் போனதும் எஞ்சின் இருமியது. ஆக்சிலேட்டரைத் திருகினால் மூச்சு வாங்கியது. அப்படியே நின்றுவிட்டது. கிக் அடித்து அடித்து முட்டி வலித்ததுதான் மிச்சம். சரி போ என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. திரும்பி வரும் வழியில் மறுபடி நின்றது.

நாலு மாதம் நின்ற வண்டிக்கு இப்படி வந்தால் யாராக இருந்தாலும் கார்புரேட்டர் என்றுதான் சொல்வார்கள். நின்ற பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி, பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். கழற்றினேன். ஜெட் இரண்டையும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். ஃப்ளோட் சரியாக மிதக்கிறதா என்று கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஷெட்டுக்குள் அருமையாக ஓடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று பாதையில் ஏறினால் அதே இடத்தில் அதே இருமல்.

அதன் பிறகு நான் விடவில்லை. பிளக்கைக் கழற்றினேன், வெளிறிப் போயிருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் கம்மியாகப் போகிறது என்று அர்த்தம். அப்படியானால் கார்புரேட்டரேதான் என்று மறுபடி பிரித்தேன். ஃப்ளோட் ஊசியை மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழுவினேன். பெட்ரோல் டேப்பின் சல்லடையைத் துலக்கினேன். சூடானால் நிற்கிறதே, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலாக இருக்குமோ என்று வேறு காயில் தேடி அலைந்து மாட்டினேன். ஷெட்டில் இருக்கும்வரை சமத்து, பாதையில் ஏறினால் சண்டித்தனம். ஒருநாள் ஆத்திரத்தில் ஸ்பானரை எறிந்தேன். அது டிரம்மில் பட்டு எகிறி என் காலிலேயே விழுந்தது. அவனாக இருந்தால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லியிருப்பான். கிரைண்டர் சத்தத்தில் பாதி காது போனவன் நான். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான்.

ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அண்ணன்காரர் போரிங் பைப் ஓரம் நின்றிருந்தார். "இன்னா பாய், இன்னிக்கும் தள்ளுவண்டிதானா?" என்றார். பிறகு வீட்டுக்குள் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "தாலி அறுத்த கையால பொட்டு வெச்சா வண்டி எப்படி ஓடும்? அன்னிக்கே சொன்னேன், யார் கேட்டா? பங்குனி வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா வண்டி காயலாங்கடைக்கு, ஷெட்ட பிரிச்சிடுவேன்."

மறுநாள் கல்லின்மேல் டீ இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஷெட்டுப் பக்கமே அவள் வரவில்லை. டீ போனால் போகட்டும், டீக்கடைகள் ஆயிரம் இருக்கின்றன. அந்தக் கல் காலியாக இருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஒருநாள் பின்வாசலில் நின்றபடியே கேட்டாள். "என் கை பட்டதாலயா அண்ணா?" எனக்கு வந்த கோபத்தில், "கார்புரேட்டருக்குத் தாலி தெரியுமாம்மா? உள்ள போ" என்று அதட்டிவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் நம்பவில்லை என்பது அவள் போன விதத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஷெட் இரண்டாம்பட்சமாகிவிட்டது. இந்த வண்டி ஓடியே ஆக வேண்டும். ஓடாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பங்குனி பாதி போயிருக்கும். வழக்கம்போலக் கல் பாதையில் வண்டி நின்றது. வெயில் ஏறாத நேரம், பாதையில் ஆள் இல்லை. அன்று கார்புரேட்டரைத் தொடக் கூடாது என்று ஒரு வீம்பு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் பைப்பை மட்டும் பிடுங்கி, குடிதண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோனது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது எனக்குத் தெரியும். சல்லடை சுத்தம், டேப் சுத்தம். அப்படியானால் ஏன் வரவில்லை? உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று மூடியைத் திருகினேன். திறந்த அதே நொடி பைப்பிலிருந்து பெட்ரோல் கொட்டியது. பாட்டில் சாய்ந்து என் கையெல்லாம் பெட்ரோல்.

மூடினேன். கொஞ்ச நேரம் ஓடியது, நூலானது, நின்றது. திறந்தேன். கொட்டியது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது, காற்றுப் போக இன்னொன்று போட வேண்டும். இது மளிகைக் கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். டேங்குக்கும் காற்று வழி வேண்டும். அது எங்கே இருக்கிறது? மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் ஓர் ஊசிமுனை ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தேன், வெளிச்சம் வரவில்லை. வெளிப்பக்கம் திருப்பினேன். அந்த ஓட்டை முடிகிற இடத்தில், கல் மாதிரி காய்ந்துபோய், தங்கச்சி வைத்த பொட்டு இருந்தது. இத்தனை நாள் கழுவும்போதெல்லாம் அதன்மேல் தண்ணீர் படாமல் சுற்றித் துடைத்தவன் நான். அவர்கள் சாமி காரியம், என் கை படக் கூடாது என்று.

ஊக்கு ஞாபகம் வந்தது. குனிவானே, ஊதுவானே, அது. அவன் எதையும் ஓதவில்லை. பொட்டு அடைத்த ஓட்டையைக் குத்தித் திறந்து, தூளை ஊதித் தள்ளியிருக்கிறான். முணுமுணுத்தது பஸ் ஓட்டின காலத்துப் பாட்டாக இருக்கும். அதைப் போய் நான் வருடா வருடம் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாதையில் தனியாக நின்று, பெட்ரோல் கையோடு, வயிறு வலிக்கச் சிரித்தேன். இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். "அடப்பாவி பாய், பன்னெண்டு வருஷமா இப்படியா நெனச்ச?" என்று முதுகில் அடித்திருப்பான். டவுனில் டீக்கடை டீக்கடையாகச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பான். வாங்க அவன் இல்லை. சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அவன் செத்த பிறகு அன்றுதான் நான் முதன்முதலாக அழுதேன். பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, தேற்ற யாரும் இல்லாததால், அழுது முடியும்வரை அழுதேன்.

பிறகு எழுந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்தேன். பொட்டைச் சுரண்டி எறிய மனம் வரவில்லை. அவன் செய்தது மாதிரியே நடுவில் மெதுவாகக் குத்தி, குனிந்து ஊதினேன். வண்டி முதல் உதையில் ஸ்டார்ட் ஆனது. டிரம் தண்ணீர் முழுவதையும் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, ஓர் இடத்திலும் நிற்காமல் திரும்பி வந்தேன்.

வழியெல்லாம் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டால் அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வண்டிச் சத்தம் கேட்டுப் பின்வாசலுக்கு ஓடி வந்திருந்தாள். தட்டியோரம் அண்ணன்காரரும் இருந்தார்.

"ஓடுதாண்ணா?"

"ஓடுதும்மா."

"இன்னாதான் இருந்துச்சி?"

வாயைத் திறந்தேன். அண்ணன்காரர் முகத்தைப் பார்த்தேன். ஓட்டையில் எவர் பொட்டு வைத்திருந்தாலும் அடைத்திருக்கும். அவன் வைத்தபோதும் அடைத்தது. ஆனால் இதெல்லாம் அந்த ஆள் காதில் விழாது. பொட்டுதான் காரணம் என்ற இடத்தோடு அவர் கிளம்பிவிடுவார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பாயே சொல்லிட்டார், அவ வெச்ச பொட்டாலதான் வண்டி நின்னுச்சாம் என்று.

"கார்புரேட்டர்ல குப்பைம்மா" என்றேன். "மழையில நின்ன வண்டி இல்ல? அதான்."

"பொட்டுக்கும் அதுக்கும்..."

"சம்பந்தமே கெடையாது" என்றேன். அண்ணன்காரர் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அவர் வீட்டு முன்பக்கம் போய்விட்டார். தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கல்லின்மேல் டீ வந்தது.

பிறகு ஒருநாள் அவளிடம் மட்டும் சொல்லலாம் என்று இருந்தேன். ஆனால் அவள் ஷெட்டுக்குள் முன்போல வர ஆரம்பித்திருந்தாள். டேங்கைத் துணியால் துடைப்பாள், டிரம் நிரம்பும்வரை பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வாய் வராது. அதனால் இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாகவே தங்கிவிட்டது. அவனிடம் சொல்ல முடியாது, அவளிடம் சொல்லக் கூடாது, என் வீட்டில் சொன்னால் ஒருவருக்கும் சிரிப்பு வராது.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு நான் சீக்கிரமே போய்விட்டேன். துக்க வருடம் முடிந்திருந்ததால் தங்கச்சி நிறைவாகச் செய்தாள். அண்ணன்காரர்கூட வந்து ஓரமாக நின்றார். டேங்க் மூடியில் போன தடவையைவிடப் பெரிய பொட்டு. கற்பூரம் அணைந்ததும் நான் சட்டைப் பையின் உள்பக்கம் குத்தி வைத்திருந்த ஊக்கைக் கழற்றினேன். பொட்டின் நடுவில் குத்தினேன். குனிந்து ஊதினேன். பிஸ்மில்லாஹ் என்று வாயில் தானாக வந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது தங்கச்சி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தாள். பாய் ஏதோ ஓதி ஊதுகிறார் என்று நினைத்திருப்பாள். என்னவென்று அவள் கேட்கவில்லை. நான் ஊக்கைத் துடைத்துப் பையில் குத்திக்கொண்டேன்.